பக்கத்து ஊட்டுக்குப் போன உறை

பெங்களூருங்களா? நானும் பெங்களூருதானுங்க. ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க, எனக்கு வெயில் ஆகாது. ஒடம்புக்குத்தான் ஆகாது, தொழிலுக்கு வெயில் நல்லா ஆகும். என்ன தொழிலுன்னு கேட்டீங்கன்னா சொல்றேன். கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். ரெண்டு வாரமா வாயைக் கட்டிப்போட்டு வெச்சிருக்கேன், சொந்தபந்தத்துகிட்ட சொல்லற விசயமில்ல அது.

மொதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போலீஸ் இல்லீங்களே? கோர்ட்டு, பேப்பர்காரங்க, அந்த மாதிரி? இல்லை. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, சும்மா கேட்டு வெச்சேன்.

நான் உறை வாங்கப் போறனுங்க. பாலுக்கு ஊத்தற உறை இல்ல. பாலுக்கு உறை வாங்க ஈரோட்ல இருந்து பெங்களூரு போறதுக்கு எனக்கென்ன கிறுக்கா. இது பீருக்கு ஊத்தற உறை. கொஞ்சம் மெதுவாவே பேசறேன். ஆமாங்க, ஊட்லயே காய்ச்சறது. நம்ம தமிழ்நாட்டுல அது குத்தம், புடிச்சா ஜெயிலு. என்ற ஊட்டுக்காரி கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல ஹெட்மிஸ்ட்ரஸ். புடிச்சா எனக்கு ஜெயிலு, அவளுக்கு வேலை போயிரும். அதுவும் பத்தாதுன்னு எங்க பிளாட்டுக்கு ஒட்டுன பிளாட்டுல, ரெண்டுக்கும் ஒரே செவுரு, மதுவிலக்கு இன்ஸ்பெக்டரு குடியிருக்காரு. நான் எதுக்குப் போலீஸான்னு கேட்டேன்னு இப்பப் புரியுதுங்களா.

என்ற பேரு லோகநாதன். சாயப்பட்டறையில கலர் மாஸ்டரா இருந்தேன். எந்த நூலுக்கு எந்தச் சாயம், எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, எல்லாம் கண்ணாலயே சொல்லுவேன். பட்டறையை மூடிட்டாங்க. மூடுனதுக்கப்பறம் ஊட்ல சும்மா உக்காந்திருக்கறவனுக்குக் கையி அரிக்குமுங்களா இல்லீங்களா? என்ற கூட வேலை செஞ்ச சேவியருன்னு ஒருத்தன் பெங்களூருக்குப் போயிட்டான். அவன்தான் போன்ல சொன்னான், "லோகு, நீ கடையில வாங்கிக் குடிக்கற பீரு பீரே இல்ல, ஊட்ல போட்டுப் பாரு"ன்னு. ஒரு தடவை அவன் ஊட்டுக்குப் போயிக் குடிச்சேன். குடிச்சதும், அடடா, இத்தனை வருசமா ஏமாந்துட்டமேன்னு ஆயிருச்சு.

நான் குடிகாரன் இல்லீங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். குடிக்கறது கொஞ்சூண்டு, காய்ச்சறதுதான் சொகம். முளை கட்டுன பார்லியை உடைச்சு வெந்நீர்ல ஊற வெச்சு, வேட்டித்துணியில வடிச்சு, அந்தச் சாறைக் கொதிக்க வெச்சு, ஹாப்ஸுன்னு ஒரு கசப்புப் பூவு, அதைப் போட்டு எறக்கி ஆற வெக்கோணும். அதுக்கப்பறம் ஈஸ்ட்டு. அங்கதான் வெனையே. சாதா ஈஸ்ட்டுக்குக் குளிரு வேணும். ஈரோட்ல குளிருக்கு எங்கீங்க போறது? மேல்தொட்டித் தண்ணியில கையைக் கழுவுனாலே சுடுது. மொத மூணு தடவையும் நெயில் பாலீஷ் நாத்தம். அத்தனையும் கீழதான் ஊத்தினேன்.

அப்பத்தான் சேவியரு இந்த உறையைக் குடுத்தான். நார்வே நாட்டு ஈஸ்ட்டு. க்வைக்குன்னு பேரு. வாயில நல்லா நுழையலீல்ல? அதுக்குத்தான் நான் உறைன்னே சொல்லிக்கறது. காஞ்சு போயி, ஒடைஞ்ச அப்பளம் மாதிரி ஒரு காயிதத்துல சுத்திக் குடுத்தான். அதுக்குச் சூடு இருந்தாத்தான் வேலையே ஓடும். குளிருற நாட்டுல பொறந்துபோட்டு, அனல்ல குதியாட்டம் போடுது. மத்த ஈஸ்ட்டு வாரக்கணக்கா படுத்துக்கிட்டு செய்யற வேலையை ரெண்டு மூணு நாள்ல முடிச்சுருது. முடிக்கறப்ப ஒரு வாசம் வரும் பாருங்க, கமலா ஆரஞ்சைத் தோலு உரிச்ச மாதிரி. ஈரோட்டுக்குன்னே எவனோ செஞ்சு அனுப்புன மாதிரி இருந்துச்சு எனக்கு.

அந்த நார்வே நாட்டுல குடியானவங்க அதைத் தலைமுறை தலைமுறையா வெச்சிருக்காங்களாமுங்க. ஒரு ஊட்ல கெட்டுப்போச்சுன்னா பக்கத்து ஊட்ல வாங்கிக்குவாங்களாம், நம்ம ஊட்ல உறைமோர் வாங்கற மாதிரியே. ஊத்தறப்ப "ஓ"ன்னு கத்துவாங்களாம், கத்துனாத்தான் பீரு வீரியமா வருமாம். நானும் கத்திப் பாக்கோணும்னு ஆசைப்பட்டேன். இன்ஸ்பெக்டரு செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறப்ப எங்கீங்க கத்தறது? தலகாணியில மூஞ்சியை வெச்சு ஒருதடவை கத்தினேன். வசந்தாமணி ஓடி வந்து நெஞ்சு வலியான்னு கேட்டா.

வசந்தாமணிதான் என்ற ஊட்டுக்காரி. தங்கமான பொம்பளைங்க. ஒரு பொய் சொல்லத் தெரியாது. பசங்க லீவு லெட்டர்ல பாட்டி செத்துட்டாங்கன்னு எழுதுனாக்கூட அப்படியே நம்பிருவா. ஆனா இந்த விசயத்துல மட்டும் அவளுக்கு மண்டையில ஏறவே இல்லீங்க. அவளுக்கு ஒரு தம்பி, சிவராசுன்னு. கல்யாணமாகி வருசம் திரும்பலை. எங்கியோ தோட்டத்துல எவனோ வித்த சாராயத்தைக் குடிச்சுப்போட்டு, கண்ணு தெரியலைக்கா, கண்ணு தெரியலைக்கான்னு இவ கையைப் புடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரியில போயிட்டான். பாவந்தான், நான் இல்லைங்கல. ஆனா அது மெத்தனால். காய்ச்சி வடிச்சதுல கண்டதைக் கலந்தது. இது பீரு, பார்லிக் கஞ்சிக்கு அண்ணன். கெமிஸ்ட்ரி தெரிஞ்சவன் நான், எத்தனை தடவை படம் போட்டு விளக்கினேன் தெரியுங்களா. எல்லாம் கேட்டுக்குவா. கேட்டுப்போட்டு, "எனக்கு அந்தக் குபுகுபு சத்தம் கேட்டாத் தூக்கம் வர்றதில்லீங்க"ம்பா. கேனுக்குள்ள நொதிக்கறப்ப காத்து வெளிய வர ஒரு டியூபு வெப்போம், அது தண்ணிக்குள்ள குபுகுபுன்னு கொப்பளிக்கும். அதுல என்னங்க பயம்?

பயந்தாங்கொள்ளிங்க அவ. பெல் அடிச்சா எந்திரிச்சு மொத வேலையா பெட்ரூம் கதவைச் சாத்துவா, அங்கதான் கேன் இருக்கும். அப்பறம் கதவுல இருக்கற ஓட்டை வழியா பாப்பா. பால்காரனா இருந்தாலும் பாப்பா. பாத்துட்டு ஒரு மூச்சு உடுவா பாருங்க, எனக்குச் சிரிப்பா வரும். "வசந்தா, கொள்ளைக்காரனா வந்துட்டான்?"னு கேலி பண்ணுவேன். அவ சிரிக்க மாட்டா. ஹெட்மிஸ்ட்ரஸுன்னா அப்படித்தானுங்க, சிரிப்பு வராது.

பக்கத்து பிளாட்டு ரொம்ப நாளு காலியா இருந்துச்சு. அங்கதான் அழகுவேலுன்னு இந்த இன்ஸ்பெக்டரு வந்து சேர்ந்தாரு. அருப்புக்கோட்டைப் பக்கம். சம்சாரம் செல்வராணி, நல்ல புள்ளை, அக்கா அக்கான்னு வசந்தாமணிகிட்ட ஒட்டிக்குச்சு. அவரு எந்தப் பிரிவுன்னு தெரிஞ்ச அன்னைக்கு இவ என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. "ஏனுங்க, போதுமுங்க, நிறுத்திருங்க. நான் இத்தனை வருசம் தலை நிமிர்ந்து நடந்துட்டேன்"ன்னா. நானும் சரின்னேன். மனசாரத்தான் சொன்னேன். இந்தத் தடவை போட்டது மட்டும் முடியட்டும்னு சொன்னேன். அது முடிஞ்சுது. ஆனா உறையைச் சும்மா வெச்சா வீரியம் போயிருமுங்க. அப்பப்ப அதுக்குத் தீனி போடோணும். உசுரு இருக்கறதைப் பட்டினி போட்டுக் கொல்ல மனசு வருமா? அதனால இன்னொரு தடவை போட்டேன். அதுக்கப்பறம் இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் அவகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போட்டேன், ஒளிச்சு மறைச்சுப் பண்ணலை.

ஆனா ஜாக்கிரதையா இருந்தனுங்க. உறையை ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்தி ஃபிரிட்ஜுல வெப்பேன். வெள்ளையா, குழகுழன்னு, பாக்க உறைமோர் மாதிரியே இருக்கும். யாராவது தொறந்து பாத்தா? அதுக்குன்னு பாட்டில் மேல ஒரு காயிதம் ஒட்டி, பெருசா "உறை"ன்னு எழுதி வெச்சேன். பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல. எப்படி என்ற மூளை? சேவியரே பாராட்டுனான்.

அந்த மூளையே என்னைக் கவுத்துப்போட்டுச்சுங்க.

அன்னைக்கு வெள்ளிக்கெழமை. ரெண்டு பெரிய கேன் நெறைய பீரு, பெட்ரூம் மூலையில போர்வை போத்தி வெச்சிருக்கேன். அவ்வளவு நல்ல சரக்கு நான் அதுவரைக்கும் போட்டதே இல்ல. பொழுதோட கடைவீதிக்குப் போயிட்டு வந்து, தண்ணி குடிக்க ஃபிரிட்ஜைத் தொறந்தேன். பாட்டிலைக் காணோம். மேல் தட்டு, கீழ் தட்டு, காய்கறிப் பெட்டி, எங்கியும் இல்ல. வசந்தாமணி ஹால்ல பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தா.

"வசந்தா, உறைப் பாட்டில் எங்க?"

"செல்வராணி பாலுக்கு உறை கேட்டுச்சு. குடுத்துட்டேன்."

தலையைக்கூட நிமித்தலீங்க. செவப்பு மையில டிக்கு போட்டுக்கிட்டே சொல்றா.

"எதைக் குடுத்தே?"

"பாட்டில்ல உறைன்னுதான எழுதியிருந்துச்சு. அதைத்தான் கிண்ணத்துல ஊத்திக் குடுத்தேன். காலி பாட்டிலைக் கழுவிக் கவுத்தியிருக்கேன்."

 அது பாலுக்கு ஊத்தறது இல்லடி, பீரு உறைன்னு குசுகுசுன்னு சொன்னேன். அவ பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையப் பாத்தா. "அய்யோ, அப்பிடிங்களா"ன்னா. அவ்வளவுதான். மூஞ்சி மட்டும் வெளுத்துப்போயிருந்துச்சு. எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன் அந்தப் பாட்டிலைப் பத்தி? பேப்பர் திருத்தற நெனைப்புல மறந்துட்டாளாட்டருக்குது.

நீங்களே சொல்லுங்க, வெதுவெதுன்னு இருக்கற பால்ல அந்த உறையை ஊத்துனா என்னாகும்? பொங்கும். நொரை தள்ளும். பீரு வாசம் அடிக்கும். எவன் ஊட்ல? மதுவிலக்கு இன்ஸ்பெக்டரு ஊட்ல. உறை எந்த ஊட்ல வாங்குனதுன்னு கேப்பாரு, பக்கத்து ஊட்டு அக்கா குடுத்ததும்பா அந்தப் புள்ளை. முடிஞ்சுது கதை. எப்படியாவது ஊத்தறதுக்கு முன்னாடி திருப்பி வாங்கிரோணும்னு செருப்புக்கூடப் போடாமப் போயி பெல் அடிச்சேன்.

கதவைத் தொறந்தது அவருதானுங்க. பனியன், கைலி. "வாங்க சார், வாங்க. அதிசயமா இருக்கு. உக்காருங்க"ன்னு கையைப் புடிச்சு சோபாவுல உக்கார வெச்சுட்டாரு. அடுப்படியில செல்வராணி பாத்திரம் கழுவற சத்தம் கேக்குது.

"இல்லீங்க சார், ஊட்ல குடுத்த உறை கொஞ்சம் புளிச்சதாமா, வேற தர்றேன்னு சொல்லச் சொன்னா. அதை ஊத்தாம..."

"ஏய், ராணி, அக்கா வீட்டு உறை ஊத்தியாச்சா?"

"அப்பவே ஊத்திட்டேனே. நல்லாத்தானண்ணே இருந்துச்சு. கிண்ணத்தைக் கழுவிட்டேன், இந்தா தர்றேன்."

போச்சுங்க. நான் எந்திரிக்கறதுக்குள்ள அவரு ஃபேனை எனக்குத் திருப்பி வெக்கறாரு. "என்ன சார் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?"ங்கறாரு. வெயிலுங்கன்னு சொன்னேன். பொழுது எறங்கிருச்சு, வெயிலு எங்கிருக்கு?

அவரு பேச ஆரம்பிச்சுட்டாருங்க. அன்னைக்குக் காலையில எங்கியோ காட்டுக்குள்ள ஒரு ஊறலைப் புடிச்சாராம். சாராயம் காய்ச்சறதுக்கு ஊற வெச்சிருக்கறதை அவிய பாஷையில ஊறலும்பாங்களாம். நமக்கு உறை, அவருக்கு ஊறல். "பேரல் பேரலா கொட்டி அழிச்சோம் சார். இந்த மூக்கு இருக்கு பாருங்க, இது எந்த ஊறலையும் மறக்காது. தெருமுனையில நின்னு, எந்த வீடுன்னு சொல்லிரும்"ன்னாரு. சொல்லிப்போட்டு, என் பக்கம் கொஞ்சம் குனிஞ்சாருங்க. "சார், உங்க மேல என்னமோ ஆரஞ்சு வாசம் அடிக்குதே?"

மிட்டாயுங்க சார்னேன். ஆரஞ்சு மிட்டாயி.

"அதானா. ராணி அடிக்கடி சொல்லும், உங்க வீட்டுப் பக்கமிருந்து ஆரஞ்சு வாசம் வருதுன்னு. சார் மிட்டாய்ப் பிரியரா"ன்னு சிரிச்சாரு. சிரிப்பா, வேற ஏதாவதா, எனக்குத் தெரியலீங்க. போலீஸ்காரன் சிரிச்சா நாம என்னத்தைக் கண்டோம். நான் அந்த அடுப்படி வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அங்க மேடையில ஒரு சட்டி, மேல தட்டு மூடியிருக்கு. அந்தத் தட்டு எந்த நிமிசம் நொரையில மேல எழும்பப் போகுதோன்னு பாக்கறேன். வெளிய லிஃப்ட்டுக் கதவு சாத்துன சத்தத்துக்குக்கூட என்ற ஒடம்பு தூக்கிப்போட்டுச்சு. காப்பி குடுத்தாங்க. என்ன ருசின்னு தெரியாமக் குடிச்சேன். "தயிர் நல்லா வந்தா காலையில கொண்டாந்து தர்றேண்ணே"ன்னுச்சு அந்தப் புள்ளை.

எங்க ஊட்டுக்குள்ள வந்து கதவைத் தாழ் போட்டதும் வசந்தாமணிகிட்டச் சொன்னேன், எல்லாத்தையும் கொட்டிரோணும், அவன் வந்து பாக்கறப்ப ஒரு சொட்டு இருக்கக்கூடாதுன்னு. என்ற வாயால நானே சொன்னனுங்க. அவ போயி டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சா. பெட்ரூமுக்குப் போயிப் போர்வையை உருவுனா. அந்தக் கேனை ரெண்டு ஆளு தூக்கோணும், அவ ஒரு பக்கம் புடிச்சா பாருங்க, அந்த ஒடம்புல அவ்வளவு பலம் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை. பாத்ரூம்ல ஊத்த ஊத்த, பின்னாடியே பக்கெட்டு பக்கெட்டா தண்ணியை அடிச்சா. ஊடே ஆரஞ்சு. எனக்குப் பெத்த புள்ளையைத் தண்ணியில உடற மாதிரி இருந்துச்சுங்க.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். இவ முக்காலியைப் போட்டுப் பரண்ல ஏறி, என்ற பழைய சாயக் கலர் அட்டை டப்பாவை எடுத்துட்டு வந்து நீட்டுனா. அதுக்குள்ளதான் காஞ்ச உறை இருந்துச்சு, ஆத்தர அவசரத்துக்குன்னு நான் தனியா எடுத்து வெச்சது. அவகிட்டச் சொன்னதே இல்ல. அது அங்க இருக்கறது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னைக்கும் எனக்குப் புரியலை. "இதுவும் இருக்குதுங்க"ன்னா. அதையும் கரைச்சு உட்டேன். டியூபு, ஹாப்ஸு, பார்லி எல்லாம் குப்பைப் பையில போயிருச்சு.

பினாயில் ஊத்திக் கழுவுனா. மறுபடியும் ஊத்திக் கழுவுனா. கழுவிப்போட்டு அந்த ஈரத்தரையிலயே உக்காந்து அழுதா பாருங்க, அவ தம்பி செத்தப்பக்கூட அப்படி அழுது நான் பாக்கலை. பாவம், தன்னால இத்தனையும் ஆயிப்போச்சேன்னு தாங்க முடியலை அவளுக்கு. எனக்கு அவ மேல இருந்த கோவமெல்லாம் போயிருச்சு. தலையைத் தடவிக் குடுத்து, "தப்புன்னா எல்லாரும் செய்யறதுதான், உடு வசந்தா, நான் மன்னிச்சுட்டேன்"ன்னு சொன்னேன். அதுக்கு இன்னும் எச்சா அழுதா.

காலையில பெல் அடிச்சுதுங்க. நான் சேர்ல இருந்து துள்ளிட்டேன். கையில இருந்த டம்ளர் கீழ உழுந்துருச்சு. இவ சாவகாசமா எந்திரிச்சுப் போயி, ஓட்டையில பாக்காமயே கதவைத் தொறக்கறா. செல்வராணிதான். கையில ஒரு கிண்ணம். "அக்கா, உங்க உறைக்குத் தயிர் கட்டியா வந்துருக்கு, கத்தியில வெட்டலாம்"ங்குது. பின்னாடியே அவரு, யூனிஃபாரத்துல, ஷூ மாட்டிக்கிட்டே, "சார், மிட்டாய் இருந்தா நமக்கும் குடுங்க"ன்னு சிரிச்சுட்டு எறங்கிப் போறாரு. அவ்வளவுதானுங்க. ஒண்ணுமே ஆகலை.

நான் அந்தத் தயிரை ஒரு கரண்டி எடுத்து வாயில வெச்சேன். தம்பி, அப்படி ஒரு தயிரு. கட்டின்னா கட்டி. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. அந்த உறை இருக்குதுங்களே, அது பீருக்கு மட்டுமில்ல, பாலையும் தோய வெக்குது. நார்வேக்காரனுக்கே தெரியாது இது. உலகத்துல எவனும் செஞ்சு பாத்திருக்க மாட்டான், ஏன்னா எவன் பொண்டாட்டியும் அதை எடுத்துப் பக்கத்து ஊட்டுப் பாலுக்குக் குடுத்திருக்க மாட்டா. சேவியருகிட்ட போன்ல சொல்லலை, நேர்லதான் சொல்லோணும். அவன் மூஞ்சி போற போக்கைப் பாக்கோணும்.

அதுக்குத்தான் இப்பப் போறேன். கொஞ்சம் உறை வாங்கி, சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டாந்துட்டா, இனி ஃபிரிட்ஜுல பாட்டிலே வேண்டாம், தயிர்ச்சட்டியிலயே வளத்துக்குவேன். சேவியரு புள்ளைக்கு நிச்சயதார்த்தம்னு ஊட்ல சொல்லியிருக்கேன். அவளும் நம்பிட்டா. ரெண்டு வாரமா ஆளே மாறிட்டாளுங்க. நல்லாத் தூங்கறா. சமைக்கறப்பப் பாட்டு முணுமுணுக்கறா. பிரசர் மாத்திரையை மாத்துனாங்க, அதுதான் கேக்குதாட்டருக்குது. இன்னைக்கு என்னையக் கொண்டாந்து உடறேன்னு ஸ்டேசனுக்கே வந்தா, கல்யாணமான புதுசுல வந்ததோட சரி. வண்டி நகர்றப்பச் சிரிச்சுக்கிட்டே கையாட்டுனா.

என்னங்க, ஒரு மாதிரி பாக்கறீங்க? சொல்லுங்க, பரவால்ல.

தோயாதுங்களா? ஏன் தோயாது? நான் வாயில வெச்சுப் பாத்தனுங்களே.

உங்க ஊட்டம்மா பன்னு செய்யறவங்களா. சரி. வெதுவெதுப்பான பால்ல ஈஸ்ட்டைக் கரைச்சு... அதுலதான் மாவு பிசையறாங்களா. பால் பாலாவே இருக்குமா. நொரை கட்டும், தயிராகாது. அது கடையில விக்கற ஈஸ்ட்டு தம்பி, இது நார்வே...

கசப்பா? இல்லீங்க, தயிரு கசக்கலை. ஆரஞ்சு வாசமா?

ஆரஞ்சு வாசம்... அடிக்கலீங்க.

இருங்க. ஒரு நிமிசம் இருங்க. அப்ப அந்தக் கிண்ணத்துல போனது உறைமோருதானுங்களா. வெறும் உறைமோரு. அப்ப என்ற பாட்டில்ல இருந்தது? கழுவிக் கவுத்தியிருக்கேன்னாளே. சிங்க்குல ஊத்திப்போட்டுக் கழுவிக் கவுத்தியிருக்கா. ஊத்திப்போட்டு, பேப்பரை எடுத்து வெச்சுக்கிட்டு, செவப்பு மையில டிக்கு போட்டுக்கிட்டு...

பொய் சொல்லியிருக்காளுங்க. என்ற வசந்தாமணி. என்னைக் கொண்டுபோயி அந்தப் போலீஸ்காரன் முன்னாடி வெறுங்காலோட உக்கார வெச்சு, வேர்க்க வெச்சு, என்ற வாயாலயே கொட்டுன்னு சொல்ல வெச்சு, என்ற கையாலயே கொட்ட வெச்சிருக்கா. நான் தலையைத் தடவி மன்னிச்சுட்டேன்னு வேற சொன்னனுங்களே. அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாளே. எங்கிருந்துங்க வந்துச்சு இவளுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம்?

கோவந்தாங்க. ஏன் வராது? சேலத்துல எறங்கி அடுத்த பஸ்ஸுல போயி நேருக்கு நேரா கேக்கலாம்னு வருது. ஏண்டி என்னை ஏமாத்துனேன்னு கேக்கலாம்.

கேட்டா அவ என்ன சொல்லுவான்னு நெனைக்கறீங்க? ஒண்ணும் சொல்ல மாட்டா. நிச்சயதார்த்தம் ஆச்சுங்களான்னு கேப்பா. கெளம்பறப்ப அந்தப் புள்ளைக்குன்னு ஒரு பட்டுச்சேலை எடுத்து மடிச்சுக் குடுத்திருக்காளுங்க, பைக்குள்ள இருக்கு. பள்ளிக்கூடம் உட்டு வந்து, கடைக்குப் போயி, பாத்துப் பாத்து எடுத்தது. பொண்ணு கருப்பா செவப்பான்னு எங்கிட்டக் கேட்டா. செவப்புன்னேன். சேவியருக்குப் பொண்ணே கெடையாதுங்க. பையன்தான்.

சேலம் வருதுங்களா? வேகம் கொறையுது. கொஞ்சம் காலை மடக்கிக்கங்க, நான் கதவுகிட்டப் போயி நின்னுக்கறேன். எறங்கறீங்களான்னு கேக்காதீங்க, எனக்கே தெரியலை. இங்க உக்கார முடியலீங்க, அவ்வளவுதான். வண்டி மொதல்ல நிக்கட்டும்.